போதைக்கு எதிரான விளம்பரம் யாரிடம் பேசுகிறது? ஒரு நிகழ்வு ஆய்வு

2014 டிசம்பரில் நெதர்லாந்தில் போதை மாத்திரைகளைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மாத்திரை வந்தது. மேலே சூப்பர்மேன் முத்திரை. எக்ஸ்டசி என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். உள்ளே இருந்ததோ பிஎம்எம்ஏ என்ற வேறொரு ரசாயனம், அதுவும் ஆளைக் கொல்லும் அளவில். இந்தச் சரக்கு மெதுவாக ஏறும், ஆபத்தே அதுதான். போட்டு வெகுநேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே, மாத்திரை சொத்தை போலிருக்கிறது என்று இரண்டாவதையும் போடுவார்கள். அதற்குள் முதல் மாத்திரை வேலையைத் தொடங்கியிருக்கும். உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும்.

மனநலத்தையும் போதைப் பழக்கத்தையும் ஆராயும் நெதர்லாந்தின் ட்ரிம்போஸ் நிறுவனம் நாடு முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. தொலைக்காட்சியிலும் நடன விடுதிகளிலும் மாத்திரையின் படத்தைப் போட்டு, இதைப் போடாதீர்கள் என்றார்கள். போதையே கூடாது என்று சொல்லவில்லை. இந்த மாத்திரை வேண்டாம், அவ்வளவுதான்.

அதே மாத்திரை கடல் தாண்டி இங்கிலாந்துக்கும் போயிருந்தது. கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டிய நாட்களில் சஃபோக், ஷ்ராப்ஷயர் பகுதிகளில் நான்கு ஆண்கள் இறந்துபோனார்கள். நெதர்லாந்தில் அந்த மாத்திரையால் யாரும் இறந்ததாக அறிவிக்கப்படவில்லை. நெதர்லாந்தில் 1992 முதல் அரசு ஆதரவோடு மாத்திரைப் பரிசோதனை நடக்கிறது. பெயர் சொல்லாமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு முடிவைத் தெரிந்துகொள்ளலாம். இங்கிலாந்தில் அப்போது அப்படியொரு நாடு தழுவிய ஏற்பாடு இல்லை. ஆனால் ஆய்வகம் இருந்ததா இல்லையா என்பதோடு கதை முடிவதில்லை என்பது என் கருத்து. 'இதைப் போடாதே' என்று ஓர் அரசு சொன்னால், 'மற்றதைப் போடலாமா?' என்ற கேள்வி உடனே வரும். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்ளும் சமூகத்தில்தான் அப்படியோர் அறிவிப்பு சாத்தியம்.

இந்த ஆய்வு அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. போதைக்கு எதிரான ஒவ்வொரு வாசகத்திலும் ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார், எதையோ இழக்கப்போவதாகச் சொல்லப்படுகிறது. பேசுவது காவலரா, தாயா, மருத்துவரா, நண்பனா? இழக்கப்போவது மூளையா, மானமா, குடும்பமா, குடியுரிமையா? நாட்டுக்கு நாடு இவை மாறுகின்றன. இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு: அந்த வாசகத்தில் வெளிப்படும் மதிப்பீடு பெரும்பாலும் பணம் கொடுத்து விளம்பரம் எடுத்தவருடையது. கேட்கிறவருக்கும் அதே மதிப்பீடு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அமெரிக்கா: முட்டையும் வாணலியும்

1987ல் வந்த அந்தத் தொலைக்காட்சி விளம்பரத்தை அமெரிக்கர்கள் இன்னமும் மறக்கவில்லை. ஓர் ஆள் முட்டையைக் காட்டி, இது உன் மூளை என்கிறார். சூடான வாணலியைக் காட்டி, இது போதைப்பொருள் என்கிறார். முட்டையை உடைத்து ஊற்றியதும் அது பொரிகிறது. போதைப்பொருளோடு உன் மூளை இப்படித்தான், ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டுவிட்டுக் காட்சி முடிகிறது. கேட்டாலும் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

எடுத்தது 'போதையற்ற அமெரிக்காவுக்கான கூட்டமைப்பு', விளம்பரத் தொழிலில் இருந்தவர்களே சேர்ந்து நடத்தியது. அதில் இல்லாதவற்றைப் பாருங்கள். அப்பா அம்மா இல்லை, தெரு இல்லை, வறுமை இல்லை, கூட்டாளிகள் இல்லை. ஒரு மூளையும் ஒரு முடிவும் மட்டும். முடிவெடுப்பது தனிமனிதன், விளைவும் அவனுக்கே என்ற அமெரிக்க நம்பிக்கை சில நொடிகளில் அடங்கிவிட்டது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அன்றைய அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகனின் 'வேண்டாம் என்று சொல்' வந்துவிட்டது. 1982ல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் ஒரு பள்ளிச் சிறுமி, யாராவது போதைப்பொருள் கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்க, அவர் சொன்ன பதில் நாட்டின் முழக்கமாக மாறியது. 1986 செப்டம்பரில் அதிபரும் மனைவியும் வெள்ளை மாளிகையில் சோபாவில் அருகருகே அமர்ந்து தொலைக்காட்சியில் நாட்டுக்குப் பேசினார்கள். பெற்றோர் இருவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது மாதிரியான ஏற்பாடு அது. 1983ல் லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிகளுக்காகத் தொடங்கிய டேர் என்ற போதை எதிர்ப்புப் பாடத் திட்டமும் இதே காலத்தில்தான் பரவியது. சீருடை அணிந்த காவலர் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்துவார். உச்சத்தில் இருந்தபோது நாட்டின் பள்ளி மாவட்டங்களில் முக்கால்வாசி இதை எடுத்துக்கொண்டிருந்தன. 2003ல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் நீண்டகால மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தது. பாடம் கேட்ட மாணவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றுதான் வந்தது.

பெரிய சோதனை அடுத்து வந்தது. 1998 முதல் 2004 வரை கூட்டரசு இளைஞர்களுக்கான ஊடகப் பிரசாரத்துக்குக் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் செலவிட்டது. வெளியார் மதிப்பீட்டுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள், அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். மதிப்பீட்டின் முடிவு 2008ல் ஆய்விதழில் வெளிவந்தது. விளம்பரங்களால் நன்மை ஏற்பட்டதற்குச் சான்று இல்லை. அதிகம் பார்த்தவர்களிடம் கஞ்சாவை நோக்கிய சாய்வு சற்றுக் கூடியதற்குச் சில அறிகுறிகள்கூட இருந்தன. காரணமாக ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் எளிமையானது. இத்தனை விளம்பரம் போடுகிறார்கள் என்றால் எல்லாப் பிள்ளைகளும் கஞ்சா அடித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் பண்பாட்டை விட்டுவிட்டு, விளம்பரமே வீண் என்ற முடிவுக்குப் பலர் போய்விடுகிறார்கள். அது அவசரம். ஏனென்றால் 2005ல் அதே பிரசாரம் 'செல்வாக்குக்கு மேலே' என்ற பொருளில் புது முகம் எடுத்தது. போதையைத் தொட்டால் மூளை பொரியும் என்ற பேச்சு போய்விட்டது. நீ உன் விருப்பப்படி வாழ நினைக்கிறாய், இது அதற்குக் குறுக்கே நிற்கும் என்று சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் சற்று அதிகமான பள்ளி மாணவர்களிடம் நடந்து 2011ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பிரசாரத்தைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் கஞ்சாவைத் தொடங்கியவர்கள் 8 விழுக்காடு, அறியாதவர்களில் 12 விழுக்காடு.

நாடு அதே நாடு, பார்க்கிற வயதும் அதே வயது. மாறியது எந்த மதிப்பீட்டைத் தொட்டார்கள் என்பதுதான். முட்டை விளம்பரமும் டேர் காவலரும் தனிமனிதச் சுதந்திரத்தைப் போற்றும் நாட்டில் பிள்ளைகளிடம் கீழ்ப்படிதலைக் கேட்டார்கள். அந்தக் கீழ்ப்படிதல் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்த பெரியவர்களின் ஆசை. பதின்ம வயதுக்காரன் கையில் பிடித்திருந்ததோ 'என் முடிவை நான்தான் எடுப்பேன்' என்பது. பின்னால் வந்த பிரசாரம் அந்தப் பிடிப்பையே பற்றிக்கொண்டது. ஒரே ஆய்வை வைத்துப் பெரிதாகக் கோட்டை கட்டக்கூடாது, சரி. ஆனாலும் முந்தைய தோல்வியோடு சேர்த்து வாசிக்கும்போது இந்த விளக்கம்தான் எனக்குப் பொருந்துகிறது.

முட்டைக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. 1998ல் அதன் மறுவடிவத்தில் நடிகை ரேச்சல் லீ குக் வாணலியால் சமையலறையையே அடித்து நொறுக்குவார். 2017ல் அவரே போதைக்கு எதிரான போரை விமர்சிக்கும் ஒரு விளம்பரத்தில் மீண்டும் தோன்றினார். இந்த முறை இரண்டு முட்டைகள். வெள்ளை முட்டை போதைப்பொருளைப் பயன்படுத்தியும் பிடிபடாமல் போய்விடுகிறது. பழுப்பு முட்டை கைதாகிறது, படிப்பும் வேலையும் போகிறது. நிறவெறி பற்றிய அமெரிக்காவின் விவாதத்தை அதே வாணலியில் போட்டுக் காட்டினார்கள். முதல் விளம்பரத்தில் வெளியுலகமே இல்லாதிருந்தது நினைவிருந்தால், இரண்டாவது எதைக் குத்திக்காட்டுகிறது என்பது புரியும்.

ஜப்பான்: கதவுக்கு வெளியே நிறுத்தும் வாசகம்

ஜப்பானில் 1987 முதல் இருக்கும் முழக்கம் 'டாமே. ஸெட்டாய்.' கூடாது, கூடவே கூடாது. ரயில் நிலையங்களில், பள்ளிகளில், மருந்துக்கடைகளில் எல்லாம் பார்க்கலாம். காரணம் சொல்லாது, விளக்காது. அதற்கு முன் 1980களில் தொலைக்காட்சியில் வந்த வாசகம் இன்னும் கடுமை: ஊக்கமருந்தை விடுகிறாயா, இல்லை மனிதனாக இருப்பதை விடுகிறாயா?

அமெரிக்க முட்டையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே உனக்கு மூளை போகும். இங்கே மனிதர்களின் வரிசையில் உனக்கு இடமே போய்விடும். தனிமனிதனின் நலத்தைவிடக் கூட்டத்தில் அவனுக்குள்ள இடம் பெரிதாகத் தெரியும் சமூகத்தில் இந்த மிரட்டல் வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதற்கு வரலாறும் உண்டு. அந்த வாசகம் சொல்லும் ஊக்கமருந்தான மெத்தாம்ஃபெட்டமினை முதலில் தயாரித்தவர் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி, 1893ல். 1941ல் அது ஹிரோபோன் என்ற பெயரில் மருந்தாகக் கடைக்கு வந்தது. போர்க்காலத்தில் படைவீரர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் தூக்கம் விரட்டக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மிச்சச் சரக்கு தெருவுக்கு வந்தது. 1951ல் சட்டம் போட்டார்கள். 1954ல் மட்டும் அந்தச் சட்டத்தின் கீழ் 55,000 பேருக்கு மேல் கைதானார்கள். ஆக, 'இது எங்கள் பண்பாட்டுக்கு அந்நியமான பொருள்' என்ற தொனி பின்னால் வந்து சேர்ந்தது. அரசே விநியோகித்த ஒன்றைத்தான் மனிதத்தன்மைக்கு எதிரானது என்று பிறகு சொன்னார்கள். பண்பாட்டு மதிப்பீடு என்று நாம் எண்ணும் பலவற்றுக்கு வயது அவ்வளவு அதிகமில்லை.

வாசகம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதற்கு 2019 மார்ச்சில் நடந்ததைச் சொல்லலாம். இசைக்கலைஞரும் நடிகருமான பியேர் டாக்கி கோகெய்ன் வழக்கில் கைதானார். அவர் இருந்த டெங்கி க்ரூவ் குழுவின் பழைய இசைத்தட்டுகளைக்கூடக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அவர் முகம் இருந்த வீடியோ கேம் ஒன்றின் விற்பனை ஜப்பானில் நின்றது. நீதிமன்றம் கொடுத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான், ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே அவரைச் சமூகம் அழித்து எழுதிவிட்டது. 2023ல் நிஹோன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி வீரர்கள் சிலர் கஞ்சா வழக்கில் சிக்கியபோது, அணியையே கலைத்துவிட நிர்வாகம் முடிவெடுத்தது. தொடாத பையன்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தண்டனை.

சட்டவிரோதப் போதைப்பொருளை வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டவர்கள் ஜப்பானில் மிகக் குறைவு, மற்ற பணக்கார நாடுகளோடு பக்கத்தில் வைத்தால் வியப்பாக இருக்கும் அளவுக்குக் குறைவு. இதை முழக்கத்தின் வெற்றி என்று காட்டுவார்கள். தீவு எல்லை, கடுமையான காவல், வருமான நிலை எல்லாவற்றையும் தாண்டி முழக்கத்துக்கு மட்டும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மறுபுறம், ஊக்கமருந்து வழக்குகளில் கைதாகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கெனவே ஒருமுறையாவது கைதானவர்கள். வாசலில் நிற்பவரைத் தடுக்கும் வாசகம், உள்ளே போய்விட்டவரிடம் பேச எதையும் வைத்திருக்கவில்லை. மனநல மருத்துவர் மாட்சுமோட்டோ தோஷிஹிகோ பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிவருகிறார்: இந்த முழக்கம் நோயாளியை ஒதுக்கிவைக்கிறது, ஒதுக்கப்பட்டவர் சிகிச்சைக்கு வருவதில்லை. 'மனிதனாக இருப்பதை விட்டுவிட்டாய்' என்று தொலைக்காட்சி சொல்லக் கேட்டு வளர்ந்தவர் எந்த மருத்துவமனை வாசலில் போய், நான்தான் அது என்று சொல்வார்?

அந்த முழக்கம் இன்றும் இருக்கிறது. 2023 டிசம்பரில் நிறைவேறி மறுவருடம் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் கஞ்சா உட்கொள்வதையும் குற்றமாக்கியது. கஞ்சாவிலிருந்து செய்த மருந்துகளுக்கு அனுமதி தந்ததும் அதே திருத்தம்தான்.

வரலாறும் வீடும், சட்டமும் துக்கமும்

சீனாவில் போதைக்கு எதிரான பேச்சு எங்கே தொடங்கினாலும் 1839ல் போய் நிற்கும். அந்த ஆண்டு ஜூனில் லின் சேஷு என்ற அதிகாரி ஹூமனில் 20,000 பெட்டிகளுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் அபினைப் பறிமுதல் செய்து, குழிகளில் உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலுக்கு அனுப்பினார். அடுத்து வந்தது சீனா தோற்ற அபினிப் போர். அந்த இடத்தில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. ஆகவே அங்கே போதை எடுப்பவன் தன் உடம்பைக் கெடுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை, நாடு பட்ட அவமானத்தை மறுபடி உள்ளே அழைக்கிறான். அமெரிக்க விளம்பரத்தில் இதற்கு இணையான எதுவும் கிடையாது.

நாட்டோடு வீடும் சேர்ந்துகொள்கிறது. ஜாக்கி சான் 2009ல் போதை ஒழிப்புத் தூதராக நியமிக்கப்பட்டவர். 2014 ஆகஸ்டில் அவர் மகன் ஜேசி பெய்ஜிங்கில் கஞ்சா வழக்கில் கைதானபோது மன்னிப்புக் கேட்டது அப்பா. வளர்த்த பொறுப்பு தன்னுடையது என்ற தொனியில் பொதுமக்கள் முன் தலைகுனிந்தார். மகனுக்கு அப்போது 30 வயது கடந்திருந்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. விடுதலையானதும் மகனும் செய்தியாளர்கள் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அதே ஆகஸ்டில் பெய்ஜிங்கின் 42 கலை அமைப்புகள், போதை வழக்கில் சிக்கியவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று கையெழுத்திட்டன.

சிங்கப்பூரில் பேசுவது அரசு, சுற்றிவளைக்காமல் பேசும். நாட்டுக்குள் நுழைகிறவர் நிரப்பும் அட்டையில் கடத்தலுக்கு மரண தண்டனை என்ற வரி சிவப்பு எழுத்தில் பல ஆண்டுகள் இருந்தது. 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் என்றால் அந்தச் சட்டம் பாயும். மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராமோடு பிடிபட்டு, அறிவுத்திறன் குறைவு பற்றிய வாதங்கள் உலகெங்கும் எழுந்தும், 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். குடிமக்கள் வெளிநாட்டில் போய்ப் பயன்படுத்தினாலும் ஊர் திரும்பியதும் வழக்கு உண்டு. சட்டம் எல்லையோடு நிற்காமல் குடிமகனின் உடம்போடு கூடவே போகிறது.

ஆனால் 2024 மேயில் அவர்கள் செய்த இன்னொன்றுதான் எனக்கு இதைவிடக் கவனிக்கத்தக்கதாகத் தெரிகிறது. போதைக்குப் பலியானவர்களுக்காக ஒரு நினைவு நாளை அறிமுகப்படுத்தினார்கள். பலியானவர் என்பதில் பயன்படுத்தியவரின் குடும்பமும் அடக்கம். அச்சத்தை வைத்து அரைநூற்றாண்டு பேசிய அரசு, துக்கத்தின் மொழிக்கும் கை நீட்டுகிறது. கஞ்சாவைத் தளர்த்திய நாடுகளின் செய்திகளைக் கைப்பேசியில் படித்து வளரும் தலைமுறையிடம் அச்சம் மட்டும் போதவில்லை என்று அவர்களே கணித்திருக்கலாம்.

பண்பாடு என்று சொல்லி முடித்துவிட முடியாது

இதுவரை சொன்னதைக் கேட்டால் கிழக்கு என்றால் குடும்பமும் மானமும், மேற்கு என்றால் தனிமனிதன் என்று ஒரு சட்டகம் தயாராகிவிடும். பாடநூல்களில் அப்படித்தான் இருக்கிறது. ஸ்வீடனையும் நெதர்லாந்தையும் பக்கத்தில் வைத்தால் அது உடைகிறது.

இரண்டும் சீர்திருத்தக் கிறித்துவ மரபில் வந்த, வளமான, மக்கள்நல அரசுகள். நெதர்லாந்து 1976ல் அபினிச் சட்டத்தைத் திருத்திக் கஞ்சாவைக் கடும் போதைப்பொருளிலிருந்து பிரித்தது. கஞ்சா வாங்கப் போகிறவன் ஹெராயின் விற்பவனிடம் போய்ச் சேரக்கூடாது என்பது கணக்கு. ஸ்வீடன் நாடாளுமன்றம் கிட்டத்தட்ட அதே காலத்தில் போதையே இல்லாத சமூகத்தை இலக்காக அறிவித்தது. 1988ல் பயன்படுத்துவதே குற்றமானது. 1993ல் சிறைத்தண்டனையும், சந்தேகத்தின் பேரில் ரத்தம், சிறுநீர் எடுக்கும் அதிகாரமும் வந்தன.

ஏன் இந்த வேறுபாடு? ஸ்வீடனில் மதுவிலக்கு இயக்கம் வலுவாக இருந்தது. 1955 வரை ஆளுக்கு இவ்வளவுதான் மது என்று பங்கீட்டுப் புத்தகம் வைத்திருந்த நாடு அது. அதன்பின் மதுக்கடை அரசின் ஏகபோகம். எல்லோரையும் காக்கும் வீடாக நாட்டை நினைத்தால், வீட்டில் ஒருவர் போதையில் இருப்பதை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆம்ஸ்டர்டாமோ வணிகத் துறைமுகம். வருவோர் போவோர் எல்லோரையும் திருத்த முடியாது, தெருவில் சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் அங்கே. 2014 இலையுதிர் காலத்தில் கோகெய்ன் என்று சொல்லி வெள்ளை ஹெராயினைச் சுற்றுலாப் பயணிகளிடம் விற்றுச் சில பிரிட்டிஷ்காரர்கள் இறந்தபோது, நகரம் தெருக்களில் மின்பலகைகளை நிறுத்தியது: மிகவும் ஆபத்தான கோகெய்ன் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படுகிறது. போதைப்பொருள் பயன்படுத்தியதற்காக உங்களைக் கைது செய்யமாட்டோம் என்ற வரியும் அறிவிப்புகளில் இருந்தது. பயந்துகொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இருந்துவிடக்கூடாதே என்பதற்காக.

இன்னும் குழப்பவேண்டுமானால் ஈரான் இருக்கிறது. கடத்தலுக்குத் தூக்கு உண்டு, அறநெறிப் பேச்சுக்கும் குறைவில்லை. அதே நாட்டில் 2005ல் நீதித்துறைத் தலைவர் ஷாருதி, ஊசி மாற்றித் தரும் திட்டங்களிலும், ஹெராயின் போன்றவற்றுக்கு மாற்று மருந்தாக மெத்தடோன் தரும் சிகிச்சையிலும் நீதிபதிகள் தலையிட வேண்டாம் என்று உத்தரவிட்டார். சிறைகளில் எச்ஐவி பரவிக்கொண்டிருந்தது. பெரிய தீங்கைத் தவிர்க்கச் சிறியதை ஏற்கலாம் என்ற சமய நியாயம் அதற்குக் கைகொடுத்தது. ஒரு மரபுக்குள் எத்தனையோ மதிப்பீடுகள் இருக்கின்றன. எதை எடுத்துப் பேசுவது என்பதை யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். பண்பாட்டின் பெயரால் கடுமையை நியாயப்படுத்துகிறவர்களிடம் இந்த ஈரான் உத்தரவைக் காட்டவேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சிரிக்க வைத்தவர்களும் சிரிப்புக்கு இடமானவர்களும்

2013ல் நியூசிலாந்தின் போக்குவரத்து நிறுவனத்துக்காக திரைப்பட இயக்குநர் டைகா வைடிடி ஒரு விளம்பரம் எடுத்தார். காரில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி இனத்துச் சிறுவர்கள் மூவர் உட்கார்ந்து, தங்கள் அப்பாக்கள் கஞ்சா அடித்துவிட்டு வண்டி ஓட்டுவது எப்படி என்று நடித்துக்காட்டிச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான். விபத்து இல்லை, ரத்தம் இல்லை, அதட்டும் குரல் இல்லை. பார்க்கிற அப்பாவுக்குச் சிரிப்பு வரும், பாதியில் நிற்கும். பின் இருக்கையில் இருப்பவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று உறைக்கும். கஞ்சா அடித்தால் நிதானமாகத்தான் ஓட்டுகிறோம் என்று நம்பியவர்களிடம் புள்ளிவிவரத்தோடு வாதாடியிருந்தால் எடுபட்டிருக்காது. அந்தக் குடும்பங்களில் பிள்ளைக்கு என்ன இடம் என்று தெரிந்த ஒருவர்தான் இப்படி எடுத்திருக்க முடியும். இந்த ஆய்வில் நான் எடுத்துக்கொண்ட விளம்பரங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து பக்கத்து ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் அரசும் நகைச்சுவையை முயன்றது. கஞ்சா அடித்த பையன் ஸ்லாத் என்ற, மெதுவாக நகரும் மர விலங்காக ஆளுயரத்தில் மாறிவிடுகிறான். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டால் காய்கறிக் கிண்ணத்தை நகர்த்துகிறான். இணையம் முழுக்கச் சிரித்தது, விளம்பரத்தைப் பார்த்துத்தான். ஸ்லாத் எல்லோருக்கும் செல்லமாகிவிட்டது. நாட்டின் கஞ்சாத் தடுப்பு ஆய்வு மையமே எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விலகிக்கொண்டது. இரண்டுமே வேடிக்கைதான், ஆனால் நியூசிலாந்தில் அந்த வீட்டுப் பிள்ளை பேசினான். சிட்னியில் பெரியவர்கள் இளைஞர்போல் பேச முயன்றார்கள். அந்த வித்தியாசம் எந்தப் பதினைந்து வயதுக்காரனுக்கும் நொடியில் தெரிந்துவிடும்.

ஐஸ்லாந்து பிள்ளையிடம் பேசுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டது. 1990களின் கடைசியிலிருந்து அவர்கள் பெற்றோரிடம் பேசினார்கள். குளிர்காலத்தில் 12 வயதுவரை இரவு 8 மணி, 13 முதல் 16 வயதுவரை இரவு 10 மணி, அதற்குமேல் தனியாக வெளியே இருக்கக்கூடாது என்ற விதியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்த வில்லையாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். வார இறுதி இரவுகளில் பெற்றோர் குழுவாகத் தெருவில் நடந்தார்கள். விளையாட்டுக்கும் இசை வகுப்புக்கும் அரசு பணம் கொடுத்தது. முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது குடித்துப் போதையேறிய 15, 16 வயதினர் 1998ல் 42 விழுக்காடு, 2016ல் 5 விழுக்காடு. ஊர் மொத்தமும் ஒருவரையொருவர் அறிந்த நாட்டில், அடுத்த வீட்டுப் பிள்ளையையும் வீட்டுக்குப் போ என்று சொல்லமுடிகிற இடத்தில் நடந்தது இது. சிலி 2019ல் இந்த முறையை எடுத்துக்கொண்டது. காந்த வில்லையை எந்த நாட்டிலும் அச்சடித்துவிடலாம். இரவில் பெற்றோர் பயமில்லாமல் நடக்கும் தெருவை அப்படி அச்சடிக்க முடியாது.

அளந்து பார்த்தவை

இதையெல்லாம் எப்படி அளப்பது? இளைஞர்களுக்கான போதை எதிர்ப்பு ஊடகப் பிரசாரங்கள் பற்றி 2013ல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 23 ஆய்வுகளைத் திரட்டியது. மொத்தம் 1,88,934 இளைஞர்கள். ஒட்டுமொத்தமாகப் பயன்பாடு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் நடந்த இடங்களைப் பாருங்கள்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா. மானத்தையும் குடும்பத்தையும் வரலாற்றையும் வைத்துப் பேசும் நாடுகள் ஒன்றுகூட அதில் இல்லை. ஆகவே 'பயமுறுத்தல் எங்கேயும் பலிக்காது' என்று சொல்பவர்களும், 'எங்கள் பண்பாட்டில் பலிக்கும்' என்று சொல்பவர்களும் ஒரே அளவுக்கு ஆதாரம் இல்லாமல் பேசுகிறார்கள்.

அமெரிக்காவிலேயே 2002ல் வெளியான ஒரு சோதனையில் 30 போதை எதிர்ப்பு விளம்பரங்களைப் பள்ளி மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த, போதை பற்றிப் பேசாத நிகழ்ச்சியைவிட 16 விளம்பரங்கள் மேலாக வந்தன. 6 விளம்பரங்கள் அதைவிடக் கீழே போயின. போடாமலே இருந்திருக்கலாம் என்ற வகை. செலவு செய்வதற்கு முன் ஒரு வகுப்பறையில் போட்டுக் காட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்.

பண்பாட்டை நேரடியாகச் சோதித்தது அரிசோனாவின் பீனிக்ஸில் நடந்த ஆய்வு. 35 நடுநிலைப் பள்ளிகள், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். பிள்ளைகள் போதையை எப்படி மறுத்தார்கள் என்று அவர்கள் சொன்ன கதைகளிலிருந்தே பாடத்தை உருவாக்கினார்கள். வேண்டாம் என்பது, காரணம் சொல்வது, அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பது, போனால் கிளம்பிவிடுவது என்று நான்கு வழிகள். நான்சி ரீகனின் பதில் இந்த நான்கில் முதலாவது மட்டும். பாடத்தை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஒன்று, கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளுக்கு ஒன்று, எல்லாம் கலந்து ஒன்று என மூன்று வடிவங்களில் செய்தார்கள். தன் இனத்துக்கென்று அளவெடுத்துத் தைத்த பாடம்தான் தனக்கு அதிகம் பலன் தரும் என்ற எதிர்பார்ப்புக்கு அவ்வளவாக ஆதாரம் கிடைக்கவில்லை. கலப்பு வடிவமும் மெக்சிகோ வடிவமும் நன்றாக வேலை செய்தன. பிள்ளைகளின் சொந்த வாழ்க்கையிலிருந்து கதை வந்ததா என்பதுதான் முக்கியமாக இருந்தது. அவர்களுடைய வாழ்க்கையோ ஏற்கெனவே கலந்துதான் கிடந்தது.

2009ல் டேர் திட்டம் தன் பழைய பாடத்தை ஒதுக்கிவிட்டு இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது. பீனிக்ஸ் ஆய்வில் பாடம் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற வகுப்பாசிரியர்கள். டேரில் நடத்துவது, முன்பு போலவே, சீருடைக் காவலர். பாடம் ஒன்றுதான், பேசுகிறவர் வேறு. ஆசிரியர் நடத்திக் கிடைத்த பலனைக் காவலர் நடத்தும் பாடத்துக்கும் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. அதைத் தனியாகத்தான் அளக்கவேண்டும்.